8 ஜி.பி. ரேமில் இரண்டு மெய்நிகர் கணினிகள்: ரேம் வாங்குவதா, எஸ்.எஸ்.டி. வாங்குவதா?

துறைமுகப்புறா (தண்டையார்பேட்டை):

வணக்கம். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய அலுவலகக் கணினி ஒன்று வீட்டில் இருக்கிறது. இன்டெல் ஐ5-6500, 8 ஜி.பி. ரேம், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 ப்ரோ. அதில் விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) நிறுவி இரண்டு மெய்நிகர் கணினிகளை ஓட்டப் பார்க்கிறேன்.

முதலாவது உபுண்டு டெஸ்க்டாப். லினக்ஸ் சர்வர் நிர்வாகம் படிக்கிறேன். பயிற்சிக்காக விண்டோஸில் டாக்கரும் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக அடைத்து ஓட்டும் கருவி) நிறுவியிருக்கிறேன். இரண்டாவது விண்டோஸ் எக்ஸ்பி. அது அப்பாவுக்கு. மண்ணடியில் எங்களுக்குச் சின்ன இரும்புச் சாமான் கடை. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பில் போடுவது புதிய மென்பொருளுக்கு மாறிவிட்டது. ஆனால் பழைய பற்று வரவும் சரக்கு இருப்பும் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) காலத்து ஃபாக்ஸ்ப்ரோ என்ற தரவுத்தள மென்பொருளில் எழுதிய நிரலில்தான் இன்னும் இருக்கின்றன. அது ஓடும் எக்ஸ்பி பெட்டி இன்றோ நாளையோ என்று கிடக்கிறது.

உபுண்டுவுக்கு 4 ஜி.பி. ரேமும் நான்கு கோர்களும் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), எக்ஸ்பிக்கு 2 ஜி.பி.யும் இரண்டு கோர்களும் ஒதுக்கினேன். கஞ்சத்தனம் எதுவும் இல்லை. இருந்தும் உபுண்டுவில் ஒரு சாளரத்தை இழுத்தால் அது நகர்வதற்குள் பொறுமை போய்விடுகிறது. இரண்டையும் சேர்த்துத் திறந்தால் விண்டோஸே உறைந்து நிற்கிறது. உபுண்டு சாளரத்தின் கீழ் ஓரத்தில் ஒரு பச்சை ஆமைப் படம் வேறு தெரிகிறது. கையிலிருக்கும் பணத்துக்கு ஒரு பொருள்தான் வாங்க முடியும். ரேமா, எஸ்.எஸ்.டி.யா?

உப்புக்காற்று (காசிமேடு):

தம்பி, கடைக்குப் போவது அப்புறம். கணினி எதற்காகக் காத்து நிற்கிறது என்று முதலில் பார். இரண்டையும் திறந்துவிட்டு டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போ. மெமரி எவ்வளவு நிறைந்திருக்கிறது, டிஸ்க் 100 விழுக்காட்டில் நிற்கிறதா, சி.பி.யு.வின் கிகாஹெர்ட்ஸ் எவ்வளவு, இந்த மூன்றையும் எழுது. உன் செயலியின் அடிப்படை வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ். வேலை மும்முரமாக நடக்கும்போது எண் அதற்கும் கீழே இறங்கினால் அது சூட்டுக் கோளாறு. அதற்கு ரேமும் வேண்டாம், எஸ்.எஸ்.டி.யும் வேண்டாம், ஒரு தூரிகையும் கொஞ்சம் தெர்மல் பேஸ்டும் போதும்.

நம் பக்கத்துப் பெட்டிகளைத் திறந்தாலே தெரியும். கடற்காற்றின் ஈரத்தில் தூசி ஒட்டிக்கொண்டு ஹீட் சிங்க் இதழ்களை அடைத்துவிடும். மொட்டை மாடியை ஒட்டிய அறை என்றால் கத்திரி வெயிலில் செயலி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஓட்டுபவர் மெய்நிகர் கணினியைத் திட்டிக்கொண்டிருப்பார்.

எண்ணூர்_இரவுப்பணி:

இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி? 8 ஜி.பி.யில் இரண்டு கெஸ்ட் (உள்ளே ஓடும் மெய்நிகர் கணினி) என்பது விளையாட்டுத்தனம். 16 ஜி.பி. ஆக்குங்கள். விர்ச்சுவல்பாக்ஸை எடுத்துவிட்டு விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ போடுங்கள். 2024 மே மாதம் தனிப்பட்ட பயன்பாட்டுக்கும், அதே ஆண்டு நவம்பரில் வணிகப் பயன்பாடு உட்பட அனைவருக்கும் இலவசமாகிவிட்டது. திரை வேகத்தில் விர்ச்சுவல்பாக்ஸ் அதன் அருகே நிற்காது.

பெரம்பூர்_லோகோ:

மென்பொருளை மாற்றினால் இந்த நோய் தீராது. ஒதுக்கீட்டைப் பாருங்கள். 8-இல் 6 போய்விட்டது. மிச்சம் இரண்டில் விண்டோஸ் 10, உலாவி, வைரஸ் தடுப்பான் எல்லாம் பிழைக்க வேண்டும். பிழைக்க முடியாது. விண்டோஸ் தன் நினைவகத்தை டிஸ்க்குக்குத் தள்ள ஆரம்பிக்கும். அந்த டிஸ்க்கில்தான் இரண்டு கெஸ்டுகளின் கோப்புகளும் இருக்கின்றன. ஹோஸ்ட், அதாவது வெளியே இருக்கும் உங்கள் விண்டோஸ், மூச்சுத் திணறினால் உள்ளே இருப்பவர்களுக்கு எத்தனை ஜி.பி. எழுதிக் கொடுத்தும் பயனில்லை. முதல் பங்கு ஹோஸ்டுக்கு, மிச்சம்தான் கெஸ்டுக்கு. ஐ.பி.எம். 1960-களில் பெருங்கணினிகளுக்குள் மெய்நிகர் கணினிகளை ஓட்டத் தொடங்கிய காலத்திலிருந்தே கணக்கு இதுதான்.

அடுத்தது கோர். ஐ5-6500-இல் இருப்பவை நான்கே கோர்கள், ஹைப்பர் த்ரெடிங் (ஒரு கோரை இரண்டாகக் காட்டும் வசதி) கிடையாது. அந்த நான்கையும் உபுண்டுவுக்குக் கொடுத்தால் அது வேகமாக ஓடும் என்று தோன்றும். நடப்பது வேறு. ஆள் நிறையும்வரை கிளம்பாத ஷேர் ஆட்டோவைத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள் அல்லவா? நான்கு மெய்நிகர் கோர்களும் ஒன்றாக ஓட, நான்கு உண்மைக் கோர்களும் ஒரே நேரத்தில் காலியாக வேண்டும். விண்டோஸுக்கும் வேலை இருக்கும்போது அது எப்போது நடக்கும்? இரண்டு கோர் கொடுங்கள். எக்ஸ்பிக்கு ஒன்று.

எண்ணூர்_இரவுப்பணி:

ஐயா, முடிவு சரி, காரணம் பழையது. எல்லாக் கோர்களும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும் என்ற கண்டிப்பு விஎம்வேரின் பழைய ஈ.எஸ்.எக்ஸ். சர்வர் பதிப்புகளில் இருந்தது. பின்னர் அவர்களே தளர்த்திவிட்டார்கள். விர்ச்சுவல்பாக்ஸிலும் லினக்ஸின் கே.வி.எம்.மிலும் ஒவ்வொரு மெய்நிகர் கோரும் ஹோஸ்டின் பார்வையில் ஒரு சாதாரண த்ரெட் (வேலை இழை), அவ்வளவுதான். தனித்தனியாகவே ஓடும்.

சிக்கல் பூட்டில் இருக்கிறது. கெஸ்டின் கெர்னல் (இயங்குதளத்தின் உள்மையம்) ஒரு பூட்டை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு கோர் மட்டும் தொடலாம் என்ற தடையை, பிடித்திருக்கும் நொடியில், அந்தக் கோரை ஹோஸ்ட் நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போய்விடும். பூட்டுக்காக மற்றக் கோர்கள் வீணாகச் சுழன்றுகொண்டிருக்கும். உண்மைக் கணினியில் மிகச் சிறிய நேரத்தில் கிடைக்கும் பூட்டு, இங்கே பல மில்லி விநாடிகள் எடுக்கும். கோர் கூடக்கூட இந்த வீண் சுழற்சி கூடும்.

பெரம்பூர்_லோகோ:

நல்ல விளக்கம். ஒதுக்கீடு மட்டும் மாறவில்லை, உபுண்டுவுக்கு இரண்டு கோர், எக்ஸ்பிக்கு ஒரு கோர்.

துறைமுகப்புறா:

அண்ணா, பார்த்துவிட்டேன். மெமரி 7.9-இல் 7.6 நிறைந்திருக்கிறது. டிஸ்க் 100-இலேயே நிற்கிறது. சி.பி.யு. 3.3 கிகாஹெர்ட்ஸ், அதனால் சூடு இல்லை என்று நினைக்கிறேன். பட்டியலில் விஎம்மெம் என்ற ஒன்று 1 ஜி.பி.க்கு மேல் எடுத்துக்கொண்டிருக்கிறது. அது விர்ச்சுவல்பாக்ஸ் இல்லை. சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தின் கடைசி வரியில், ஒரு ஹைப்பர்வைசர் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் அடித்தள மென்பொருள்) ஏற்கெனவே இயங்குவதாகக் காட்டுகிறது.

வியாசைக்காரி:

வந்துவிட்டது ஆமையின் கதை. தம்பி, நீங்கள் இரண்டு மெய்நிகர் கணினிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடுபவை மூன்று. அந்த விஎம்மெம்தான் மூன்றாவது. விண்டோஸில் டாக்கர் டெஸ்க்டாப் ஓடுவது டபிள்யூ.எஸ்.எல். 2 என்ற அடித்தளத்தின் மேல். அது ஹைப்பர்-வி என்ற மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசர் நுட்பத்தில் ஓடும் ஒரு முழு லினக்ஸ் மெய்நிகர் கணினி. சாளரம் எதையும் திறக்காமல் பின்னால் உட்கார்ந்துகொண்டிருக்கும்.

அது ரேமை மட்டும் தின்றால் பரவாயில்லை. இன்டெல் 2005-இலும் ஏ.எம்.டி. 2006-இலும் மெய்நிகராக்கத்துக்கான வசதியைச் செயலிக்குள்ளேயே வைத்துவிட்டன. அந்த வசதியை ஒரு நேரத்தில் ஒரு ஹைப்பர்வைசர்தான் நேரடியாகக் கையில் வைத்திருக்க முடியும். விண்டோஸ் தொடங்கும்போதே ஹைப்பர்-வி அதைப் பிடித்துக்கொள்கிறது. பின்னால் வரும் விர்ச்சுவல்பாக்ஸ், ஹைப்பர்-வியின் வழியாகவே செயலியை அடைய வேண்டியிருக்கிறது. ஓடும், ஆனால் ஊர்ந்து ஓடும். அதைச் சொல்லத்தான் ஆமை.

தீர்வு: டாக்கர் டெஸ்க்டாப்பை நீக்குங்கள். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றின் குறிகளையும் எடுங்கள். கணினியை மீண்டும் தொடங்குங்கள். ஆமை அப்போதும் இருந்தால், விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் என்பதற்குள் மெமரி இன்டக்ரிட்டி இயங்குகிறதா என்று பாருங்கள். அதுவும் ஹைப்பர்வைசரை எழுப்பிவிடும். டாக்கர் வேண்டுமென்றால் லினக்ஸ் கெஸ்டுக்குள் நிறுவிக்கொள்ளுங்கள். சர்வர் படிப்பவருக்கு அதுதான் முறையான இடமும் கூட.

எண்ணூர்_இரவுப்பணி:

மெமரி இன்டக்ரிட்டியை அணைக்கச் சொல்வதை இவ்வளவு சாதாரணமாக எழுதாதீர்கள். கெர்னலுக்குள் திருட்டு டிரைவர் நுழையாமல் காப்பது அது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இவருடைய செயலி ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஆதரிக்கும் பட்டியலில் இல்லை. ஏற்கெனவே மெலிந்த சுவரில் இன்னும் ஒரு செங்கல்லை எடுக்க வேண்டுமா? ப்ரோ பதிப்புதானே, பேசாமல் ஹைப்பர்-வியையே பயன்படுத்தட்டும்.

வியாசைக்காரி:

செங்கல் கணக்கு சரிதான், அது அவர் எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் ஹைப்பர்-வியில் யு.எஸ்.பி. கருவியை நேரடியாகக் கெஸ்டுக்குள் கொடுக்கும் வசதி இல்லை. கடைக் கணக்கு என்றால் எங்கேயோ ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன்.

துறைமுகப்புறா:

அக்கா, இருக்கிறது. டாட் மேட்ரிக்ஸ்தான். மெமரி இன்டக்ரிட்டி எங்கள் கணினியில் முன்பிருந்தே அணைந்துதான் இருக்கிறது, அதனால் அந்த விவாதத்துக்கு வேலையில்லை. டாக்கரை நீக்கி, மூன்று குறிகளையும் எடுத்துவிட்டேன். ஆமை போய்விட்டது. அது இருந்த இடத்தில் இப்போது 'வி' என்ற ஆங்கில எழுத்து போட்ட செயலிப் படம் தெரிகிறது. உபுண்டு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வேகம் கூடியிருக்கிறது. ஆனால் தொடங்கும் நேரம் குறையவில்லை, இரண்டையும் திறந்தால் பழைய கதைதான்.

பெரம்பூர்_லோகோ:

சர்வர் படிக்கிறேன் என்கிறீர்கள், டெஸ்க்டாப்பை ஏன் ஓட்டுகிறீர்கள்? உபுண்டுவின் கினோம் மேசைக்கு முப்பரிமாண வரைகலை வேண்டும். மெய்நிகர் கணினியில் அந்த முடுக்கம் கிடைக்காதபோது, வரைகிற வேலை முழுவதையும் சி.பி.யு. தலையில் கட்டிவிடும். சாளரத்தை இழுக்கும்போது தவிப்பது அதனால்தான்.

உபுண்டுவுக்குப் பதிலாக டெபியன் என்ற லினக்ஸை நிறுவுங்கள். நிறுவும்போது டெஸ்க்டாப் கேட்கும் இடத்தில் எதையும் தேர்ந்தெடுக்காமல், எஸ்.எஸ்.எச். (வேறு கணினியிலிருந்து உள்ளே போய்க் கட்டளை கொடுக்கும் வழி) சர்வரை மட்டும் தேர்ந்தெடுங்கள். 1 ஜி.பி. ரேம், ஒரு கோர் போதும். டாக்கரில் கனமாக எதையாவது ஓட்டினால் இரண்டாக்கிக்கொள்ளலாம். அந்தக் கறுப்புத் திரையில் நேரடியாகத் தட்டச்சு செய்யவும் வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸில் நெட்வொர்க்கை என்.ஏ.டி. (ஹோஸ்டின் இணைப்பு வழியாகவே கெஸ்ட் வெளியே போகும் முறை) என்றே விட்டுவிட்டு, போர்ட் ஃபார்வர்டிங்கில் ஹோஸ்டின் போர்ட் 2222-ஐக் கெஸ்டின் போர்ட் 22-க்குத் திருப்புங்கள். பிறகு விண்டோஸின் பவர்ஷெல்லிலிருந்தே எஸ்.எஸ்.எச். மூலம் உள்ளே போகலாம். வேலைக்குப் போகுமிடத்தில் சர்வரின் முகத்தையே பார்க்கப்போவதில்லை, இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பிக்கு 2 ஜி.பி. என்பதும் அதிகம். அது வந்த 2001-இல் மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்தது 128 எம்.பி. நீங்கள் 512 கொடுத்தாலே அதற்கு ராஜபோகம்.

இந்த இரண்டையும் செய்தால் கெஸ்டுகளின் பங்கு ஆறிலிருந்து ஒன்றரை ஜி.பி.க்கு இறங்கிவிடும். ரேம் வாங்கும் கேள்வியே எழாது.

உப்புக்காற்று:

ஐயா சொன்னதை அப்படியே செய். அதன் பிறகு பணத்தை எஸ்.எஸ்.டி.யில் போடு. ஏன் என்று கணக்காகவே சொல்கிறேன். உன் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் டிஸ்க்கைப் படிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2. தலை நகர்ந்து போக ஒரு 8, 9. ஆக, சிதறிக் கிடக்கும் ஒரு துண்டைப் படிக்க 12, 13 மில்லி விநாடி. விநாடிக்கு எண்பது துண்டு தேறினால் பெரிது. அந்த எண்பதை விண்டோஸ், டெபியன், எக்ஸ்பி மூவரும் பிடுங்கிக்கொள்ள வேண்டும், மூவரின் கோப்புகளும் டிஸ்க்கின் வெவ்வேறு மூலைகளில் இருக்கும். சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.கூட இதே வேலையை விநாடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். தொடங்கும் நேரம் குறையாததற்குக் காரணம் இதுதான்.

எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸும் மெய்நிகர் கணினிகளின் கோப்புறையும் இருக்கட்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எறியாதே, காப்புப் பிரதி எடுத்து வைக்க அது வேண்டும். வைரஸ் தடுப்பானில் அந்தக் கோப்புறையை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடு. இல்லாவிட்டால் பல ஜி.பி. கோப்பில் ஒரு வரி மாறினாலும் மோப்பம் பிடிக்க வந்துவிடும்.

பின்னாளில் ரேம் வாங்கப் போனாலும் ஒரு எச்சரிக்கை. ஆறாம் தலைமுறைச் செயலி டி.டி.ஆர். 4-உம் ஏற்கும், டி.டி.ஆர். 3 எல்-உம் ஏற்கும். எது பொருந்தும் என்பதை மதர்போர்டுதான் தீர்மானிக்கும். பழைய பட்டையைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டி வாங்கு.

ராயபுரம்_ரயிலடி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் எம்1 மேக்புக் இருக்கிறது. இதே எக்ஸ்பியை அதில் ஓட்டலாமா?

எண்ணூர்_இரவுப்பணி:

எம்1 என்பது ஆர்ம் வகைச் செயலி. எக்ஸ்பி எழுதப்பட்டது இன்டெல், ஏ.எம்.டி. செயலிகளின் எக்ஸ்86 வகைக்கு. யு.டி.எம். என்ற மென்பொருளில் ஓட்டலாம், ஆனால் ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்துத்தான் ஓடும், அதற்கேற்ற வேகம்தான் வரும். ஆர்ம் டெபியன் என்றால் அதே மேக்புக்கில் பறக்கும்.

வியாசைக்காரி:

நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என் மடிக்கணினி பன்னிரண்டாம் தலைமுறை ஐ5, 16 ஜி.பி., விண்டோஸ் 11. விஎம்வேரில் ஒரு கெஸ்ட். அதன் சாளரம் முன்னால் இருக்கும்வரை நன்றாக ஓடுகிறது. உள்ளே ஏதாவது நிரலைத் தொகுக்கக் கொடுத்துவிட்டு உலாவிக்குப் போனால் படுத்துவிடுகிறது.

எண்ணூர்_இரவுப்பணி:

உங்கள் செயலியில் இரண்டு வகைக் கோர்கள் இருக்கின்றன: வேகமானவை, மின்சாரம் சேமிப்பவை. சாளரம் பின்னால் போனதும் விண்டோஸ் அந்தக் கெஸ்டை முக்கியமில்லாத வேலை என்று முடிவு செய்து சேமிப்புக் கோர்களுக்குத் தள்ளிவிடுகிறது. முதலில் பவர் மோடைப் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் என்று வையுங்கள், சார்ஜரைச் செருகியே வேலை பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் பவர்சிஎஃப்ஜி கட்டளையில் பவர் த்ராட்லிங் என்ற பகுதி இருக்கிறது. விஎம்வேர்-விஎம்எக்ஸ் என்ற இயங்கு கோப்புக்கு மட்டும் அதை முடக்கலாம். மொத்தக் கணினிக்கும் முடக்க வேண்டாம்.

வியாசைக்காரி:

பவர் மோடை மாற்றியதிலேயே முக்கால்வாசி சரியாகிவிட்டது. கட்டளையைப் போட்டதும் மிச்சமும் சரி. திமிராகப் பேசினாலும் ஆள் விவரமானவர்.

எண்ணூர்_இரவுப்பணி:

இரவுப் பணி. தூக்கமில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகப்புறா:

எஸ்.எஸ்.டி. வாங்கி மாட்டிவிட்டேன். டெபியனும் ஐயா சொன்னபடியே 1 ஜி.பி.யில் வைத்தேன். எஸ்.எஸ்.எச். வழியாகப் போனால் மெய்நிகர் கணினி என்ற நினைப்பே வரவில்லை. மெமரியில் 3 ஜி.பி.க்கு மேல் சும்மா இருக்கிறது. ரேம் வாங்கவில்லை.

ஆனால் எக்ஸ்பியில் புதிய தொல்லை. ஃபாக்ஸ்ப்ரோ நிரலைத் திறந்து வைத்து, ஒரு விசையைக்கூடத் தொடாமல் இருந்தாலும் ஹோஸ்டில் ஒரு கோர் 100 விழுக்காட்டில் ஓடுகிறது. மின்விசிறி ஊளையிடுகிறது.

பெரம்பூர்_லோகோ:

அது அந்தக் காலத்து நிரல்களின் பிறவிக் குணம். டாஸில் ஒரு நேரத்தில் ஒரே நிரல்தான். விசை அழுத்தினார்களா, அழுத்தினார்களா என்று இடைவிடாமல் கேட்டுக்கொண்டே சுற்றும், ஓய்வு என்பதை அறியாது. செயலி முழுவதும் தனக்கே சொந்தம் என்ற காலத்தில் அது குற்றமில்லை. இப்போது அது சுற்றுவது உங்கள் மின் கட்டணத்தில்.

விர்ச்சுவல்பாக்ஸில் அந்தக் கெஸ்டின் சிஸ்டம் அமைப்பில் பிராசசர் பக்கத்தில் எக்ஸிக்யூஷன் கேப் என்று ஒரு நழுவி இருக்கிறது. அதை 40-க்குக் குறையுங்கள். கோரின் 40 விழுக்காட்டுக்கு மேல் அதற்குக் கிடைக்காது. ஃபாக்ஸ்ப்ரோ எழுதப்பட்ட காலத்துக் கணினிகளோடு ஒப்பிட்டால் அதுவே பேய் வேகம். இன்னொரு காரணத்துக்காகவும் வேகத்தைக் குறைப்பது நல்லது. டாஸ் ஃபாக்ஸ்ப்ரோவின் 2.x பதிப்புகளில், செயலி மிக வேகமாக இருந்தால் தொடங்கும்போதே சுழியால் வகுத்தல் பிழை காட்டி நின்றுவிடும் வழக்கம் உண்டு. அதற்குத் தனித் திருத்தக் கோப்புகள் இருக்கின்றன.

எக்ஸ்பியின் வட்டை ஐ.டி.ஈ. (பழைய வகை வட்டு இணைப்பு) கன்ட்ரோலரிலேயே வையுங்கள். சாட்டாவுக்கு மாற்றினால், அதற்கான டிரைவர் எக்ஸ்பியில் இல்லாததால் நீலத் திரைதான் வரும். ஐ.ஓ. ஏபிக் என்ற குறியை நிறுவும்போது எப்படி வைத்தீர்களோ அப்படியே விட்டுவிடுங்கள். நிறுவிய பிறகு அதை எடுத்தால் எக்ஸ்பி எழுந்திருக்காது.

வியாசைக்காரி:

எக்ஸ்பியே எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லையே. 64 பிட் விண்டோஸ் டாஸ் நிரல்களை ஓட்டாது, சரி. ஆனால் விடாஸ் என்ற சிறிய மென்பொருள் இருக்கிறது. அலுவலக டாஸ் நிரல்களுக்காகவே எழுதப்பட்டது, விண்டோஸின் பிரிண்டருக்கு நேராக அச்சிடும். ஒரு முழு இயங்குதளத்தை ஓட்டும் சுமையே இல்லை.

துறைமுகப்புறா:

ஓட்டிப் பார்த்தேன் அக்கா. இருப்புக் கணக்குத் திறக்கிறது. ஆனால் நிரலை எழுதியவர் எக்ஸ்பியில் இருக்கும் வேறொரு சின்ன விண்டோஸ் நிரலை இடையில் அழைக்கும்படி வைத்திருக்கிறார். ஆண்டுக் கணக்கு முடிக்கும் இடத்தில் அது நின்றுவிடுகிறது. அப்பா எக்ஸ்பியை விட மாட்டார்.

பெரம்பூர்_லோகோ:

அப்படியென்றால் எக்ஸ்பி இருக்கட்டும். ஆனால் இணையத்தைத் தொடவே கூடாது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-உடன் நின்றுவிட்டன. நெட்வொர்க்கை ஹோஸ்ட் ஒன்லி (ஹோஸ்டோடு மட்டும் பேசும் முறை) என்று மாற்றுங்கள்.

உப்புக்காற்று:

கரண்ட் பற்றி யாரும் பேசவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் பக்கத்தில் பல தெருக்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. பெரிய மழைதான் வேண்டும் என்பதில்லை, ஒரு நொடி போய் வந்தாலே போதும். விர்ச்சுவல்பாக்ஸில் ஐ.டி.ஈ. வட்டுக்கு ஹோஸ்ட் ஐ.ஓ. கேஷ் இயல்பாகவே போடப்பட்டிருக்கும். கணக்கு எழுதியாகிவிட்டது என்று எக்ஸ்பி நினைக்கும், ஆனால் அது இன்னும் விண்டோஸின் ரேமில்தான் இருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் ஃபாக்ஸ்ப்ரோவின் இன்டெக்ஸ் கோப்பு குலைந்துவிடும். அந்தக் குறியை எடுத்துவிடு. எஸ்.எஸ்.டி.யில் வேகக் குறைவு பெரிதாகத் தெரியாது. சின்னதாக ஒரு யு.பி.எஸ்.ஸும் வை.

ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டேன், காப்பு இருக்கிறது என்றும் இருந்துவிடாதே. ஸ்னாப்ஷாட் என்பது அதே வட்டில், பழைய கோப்பின் மேல் அடுக்கும் மாற்றங்கள் மட்டும்தான். வட்டு போனால் எல்லாம் சேர்ந்து போகும். அடுக்க அடுக்க வேகமும் குறையும். மெய்நிகர் கணினியை அணைத்துவிட்டு அதன் வட்டாக இருக்கும் வி.டி.ஐ. கோப்பை முழுதாகப் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடு. கடைக் கணக்கின் கோப்புறையை மட்டும் தினமும் ஒரு பென் டிரைவில் எடுத்தாலும் போதும்.

துறைமுகப்புறா:

கேஷ் குறியை எடுத்துவிட்டேன். யு.பி.எஸ். அடுத்த மாதம். எக்ஸிக்யூஷன் கேப் 40-இல் மின்விசிறி அடங்கிவிட்டது. இப்போது பிரிண்டர். யு.எஸ்.பி. வழியாக எக்ஸ்பிக்குள் கொடுத்தாகிவிட்டது, நோட்பேடிலிருந்து அச்சாகிறது. ஃபாக்ஸ்ப்ரோவிலிருந்து அச்சிட்டால் எதுவுமே வருவதில்லை.

வியாசைக்காரி:

டாஸ் நிரலுக்குத் தெரிந்த பிரிண்டர் எல்.பி.டி. 1 என்ற பழைய போர்ட்டில் இருப்பது மட்டும்தான். யு.எஸ்.பி. என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. எக்ஸ்பிக்குள் அந்தப் பிரிண்டரை ஷேர் செய்யுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்டில் நெட் யூஸ் கட்டளையால் எல்.பி.டி. 1-ஐ அந்தப் பகிர்ந்த பெயருக்குத் திருப்பிவிடுங்கள். கட்டளையின் கடைசியில் பெர்சிஸ்டென்ட் யெஸ் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டியதில்லை.

எண்ணூர்_இரவுப்பணி:

ஒரு சேர்க்கை. இந்தத் திருப்பம் நெட்வொர்க் அட்டை இணைந்திருந்தால்தான் வேலை செய்யும். பாதுகாப்பு என்று அட்டையையே எடுத்துவிடாதீர்கள், ஐயா சொன்ன ஹோஸ்ட் ஒன்லி போதும். யு.எஸ்.பி. கன்ட்ரோலரை 2.0 என்று வையுங்கள், 3.0-க்கு எக்ஸ்பியில் டிரைவர் இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் இதற்கு எக்ஸ்டென்ஷன் பேக் (கூடுதல் வசதித் தொகுப்பு) தேவையில்லை. கடை வேலை என்பதால் இதைக் கவனிக்க வேண்டும்: அடிப்படை விர்ச்சுவல்பாக்ஸ் கட்டற்ற மென்பொருள், ஆனால் எக்ஸ்டென்ஷன் பேக்கின் உரிமம் சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும்தான் இலவசம்.

துறைமுகப்புறா:

அச்சாகிவிட்டது! அப்பா பேரேட்டின் ஒரு பகுதியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு குறை. பக்கத்துக்குப் பக்கம் வரிகள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, நாலாவது தாளில் தலைப்பு துளைக்கோட்டின் மேல் விழுகிறது. விர்ச்சுவல்பாக்ஸில் எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

உப்புக்காற்று:

எதையும் மாற்றாதே. நீ போட்டிருப்பது 12 அங்குலத் தொடர்தாள், பிரிண்டர் 11 அங்குலம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. பிரிண்டரை அணைத்துவிட்டு, பின்புறமோ மூடிக்கு அடியிலோ டிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் முன்பலகையின் மெனுவில் பக்க நீளம் என்று இருக்கும்.